வண்டி மேல் குறை இல்லை

பொட்டலம் என்று எல்லோரும் கூப்பிடும் என் வீட்டுக்காரரின் நண்பர் வீட்டுச் சமையலறையில் நான் ஆரஞ்சுப் பழங்களை உரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் மனைவி, அந்த அண்ணி, அதைச் சொன்னார். முன்னறையில், அவர்கள் மகனின் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் பலூன்களை மிதித்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி தட்டுகளைத் துடைத்து அடுக்கியபடியே, என் முகத்தைப் பார்க்காமல், "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதம்மா. ஆம்பளைங்கள இவ்ளோ இறுக்கிப் பிடிக்கக் கூடாது," என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை.

"யாரு அண்ணி, நானா?"

"பின்ன? வருஷா வருஷம் இவங்க நாலு பேரும் வண்டியில கிளம்புறாங்க. கடைசி நேரத்துல உன் வீட்டுக்காரர் மட்டும் வர்றதில்ல. நீ அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவியாம். வண்டிய ஊருக்கு வெளிய எடுக்கவே மாட்டேன்னு பாப்பா தலையில கைய வெச்சு சத்தியம் வாங்கியிருக்கியாமே. பாவம் அந்த மனுஷன், சொல்லும்போது கண்ணு கலங்கிடும்னு இவர் சொல்லுவாரு. ஃபேக்டரி பூரா உன்ன ஹேண்ட்பிரேக்குன்னுதான்…"

அங்கேயே நிறுத்திக்கொண்டார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். எனக்கு ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் நகக்கண்ணில் ஏறி எரிந்தது. சுளைகளைப் பிரித்து, நாரெடுத்து, தட்டில் வட்டமாக அடுக்கினேன். ஒரு வார்த்தை பேசினாலும் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அழுதால், பார், சொன்னது சரிதான் என்றாகிவிடும்.

என் வீட்டுக்காரர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். எந்த நட்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பொட்டலம் அங்கே பேக்கிங் பிரிவில் இருப்பவர். எதைக் கொடுத்தாலும் கட்டிச் சுருட்டி முடிச்சுப் போட்டுத்தான் கையில் வாங்குவார் என்பதால் அந்தப் பெயர். அவரும் இன்னும் மூன்று பேரும் ஆண்டுக்கு ஒருமுறை எட்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள்களில், மலைகளுக்கு அப்பால், தார்ச்சாலை முடிந்து சரளைப் பாதையும் முடிகிற இடத்தில் இருக்கும் ஓர் உப்பு ஏரிக்குப் போய்வருவார்கள். அந்த ஏரியின் படம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒன்பது வருடமாக ஒட்டியிருக்கிறது. ஓரங்கள் சுருண்டு, நடுவில் எண்ணெய்க் கறை விழுந்து, ஏரியில் ஒரு தீவு இருப்பதுபோல ஆகிவிட்டது.

படம் வந்த பிறகு வண்டி வர ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடமும் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. பெரிய பெரிய வண்டிகளை எல்லாம் அலசிப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, கடைசியில் அவர் வந்து நின்றது மிகச் சாதாரணமான ஒன்றில். "இதுல கெட்டுப் போறதுக்கு ஒண்ணுமே இல்ல, பாத்தியா. ஒரே சிலிண்டர். எஞ்சின் காத்துலயே ஆறிடும். கம்பி வச்ச சக்கரம், பள்ளத்துல விழுந்தா வளையும், உடையாது. பஞ்சர் ஆச்சா, நடு ரோட்டுலயே டியூப்ப உருவி ஒட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். பெரிய வண்டிக்காரன் சின்னதா ஒரு லைட் எரிஞ்சதுன்னா, கம்பெனி ஆளு லேப்டாப் தூக்கிட்டு வர்ற வரைக்கும் ரோட்டோரம் உக்காந்திருக்கணும். நம்ம வண்டிய எந்த ஊரு மெக்கானிக்கும் நாலு ஸ்பேனர வெச்சு முடிச்சிடுவான்." இதைச் சொல்லும்போது அவர் கையிலிருக்கும் கவளம் பாதி வழியில் நின்றுவிடும். பேச்சில் எப்போதும் பின்வரிசைக்காரரான அவர், அந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் மேடையேறியவர் போல இருப்பார்.

கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த வண்டியின் மேல் ஆசை வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன். அது கடைக்கு வந்த அன்று நானும் கூடப் போனேன். உயரமான இருக்கை, நீளக் கால்கள், உருண்டை விளக்கு, அதன் முன்னால் ஒரு கம்பி வலை, பின்னால் மூட்டை கட்ட இரும்புச் சட்டம். பளபளப்பு என்று எதுவும் இல்லை. உழைக்க வந்த ஆள், வந்த வேலையைச் சொல்லுங்கள் என்று நிற்பதுபோல நின்றது. எங்களைப் போன்றவர்களால் வாங்க முடிகிற விலைதான். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மாத சம்பளத்தில் பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டு, உலகத்தின் மறுகோடி வரை போய்வரலாம் என்று ஒரு பொருள் நமக்குச் சொல்லும் என்றால், அந்தப் பொருளின் மேல் யாருக்குத்தான் பிரியம் வராது?

வண்டி வந்து மூன்று வருடம். தொழிற்சாலைக்குப் போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை வரை ஒரு சுற்று. சிமெண்ட் ஆலையைத் தாண்டி, ஊரின் கடைசி பெட்ரோல் பங்க் வரும். அங்கே வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்தில் திருப்புவார். "இதுக்கு மேல லாரி ஜாஸ்தி," என்பார். சில வாரம், "மழை வர்ற மாதிரி இருக்கு." சில வாரம் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, திரும்பும்போது விலகிப்போகும் அந்த நேர் சாலையைக் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவேன்.

ஏரிப் பயணம் பற்றி நான் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு வருடமும் கேட்டேன். ஸ்டாக் எடுக்கிறார்கள், லீவு கிடைக்கவில்லை என்றார். அடுத்த வருடம் ஆடிட் என்றார். நானும் நம்பினேன். எனக்கு ஒரு காரணம், அவர்களுக்கு ஒரு காரணம் என்று தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருந்திருக்கிறார்.

அன்று பிறந்தநாள் வீட்டிலிருந்து அந்த வண்டியில்தான் திரும்பினோம். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவானது. அவர் வாங்கியது விலை உயர்ந்த வண்டியாக இருந்திருந்தால் பணத்தைக் காரணம் காட்டியிருக்கலாம். அடிக்கடி பழுதாகும் வண்டியாக இருந்திருந்தால் பழுதைக் காரணம் காட்டியிருக்கலாம். இதுவோ, காலையில் பட்டனைத் தொட்டதும் கிளம்புகிற வண்டி. மூன்று வருடத்தில் ஒருநாள்கூட முரண்டு பிடிக்காத வண்டி. வண்டியைச் சொல்ல முடியாது, பணத்தைச் சொல்ல முடியாது. மிச்சம் இருந்தவள் நான்.

வீட்டு வாசலில் அவர் ஹெல்மெட்டைக் கழற்றும்போது கேட்டேன். "நான் எப்பங்க உங்கள போக வேணாம்னு சொன்னேன்?"

எங்கே என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. ஹெல்மெட்டின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"அவங்ககிட்ட ஏதாவது சொல்லணும்ல," என்றார்.

"அதுக்கு என்னையா சொல்லணும்?"

"வேற யாரச் சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. அலமாரி முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, ஸ்டாக்கில் இருப்பது இது ஒன்றுதான் என்று சொல்பவரைப் போலச் சொன்னார். அது இன்னும் மோசம். அவர் கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டு அன்றே மறந்திருப்பேன்.

நான் உள்ளே போய் அவருடைய போனிலிருந்தே பொட்டலத்தைக் கூப்பிட்டேன். "அண்ணே, இந்தத் தடவை அவர் வர்றாரு. சத்தியத்த நான் வாபஸ் வாங்கிட்டேன்," என்றேன். அந்தப் பக்கம், "டேய், ஹேண்ட்பிரேக்க எடுத்தாச்சுடா!" என்று யாரிடமோ கத்தியவர், சட்டென்று இருமினார். என் வீட்டுக்காரர் உலகம் பார்க்கட்டும் என்ற நல்ல மனதோடு இதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நீ ஒளிந்துகொள்ள நான் என்ன கதவா என்ற ஆங்காரம்தான்.

கிளம்ப மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் அவர் சாப்பாடு பாதியாகிவிட்டது. தினமும் மாலை வண்டியின் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்தார். பின் பிரேக்கில் ஏதோ சத்தம் வருகிறது என்றார். எனக்குக் கேட்கவில்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். துணைக்கு நானும் போனேன். மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது வைத்துக் கேட்டான். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சார், வண்டி மேல ஒரு குறையும் இல்ல. கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்க. இன்னும் இருவது வருஷம் உங்கள நடுத்தெருவுல விடாது," என்றான். ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்ட முகத்தோடு அவர் தலையாட்டினார்.

கிளம்பிய அன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு பொட்டலமும் மற்றவர்களும் தெருமுனையில் வந்து ஹார்ன் அடித்தார்கள். பதினொன்றாவது படிக்கும் எங்கள் மகள் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து, "அப்பா, அந்த ஏரித் தண்ணி கொஞ்சம் பாட்டில்ல எடுத்துட்டு வாங்கப்பா. நிஜமாவே உப்பான்னு பாக்கணும்," என்றாள். அவர் சிரித்தார். மூட்டையைக் கட்டிய சட்டத்தை நான் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். தொழில் பழக்கத்தில் கண் தானாக, வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டருக்குப் போனது. நான் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவள். பதினாறு வருடமாக அதுதான் வேலை. எண் ஓடுகிற எதைப் பார்த்தாலும் படித்துவிடுவேன். படித்தது மறக்காது. ஆறாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.

அவருடைய இடது கால் தரையில் ஊன்றியிருந்தது. கியர் போட அதைத் தூக்காமலே நின்றார். ஒரு வார்த்தை, "வேணாங்க, இறங்குங்க," என்று நான் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் எஞ்சினை அத்தனை நேரம் சும்மா ஓடவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. நான் நகர்ந்து நின்று வழிவிட்டேன்.

அன்று மாலையே ஒரு செய்தி வந்தது. "நல்லபடியா போய்ட்டிருக்கோம். இனிமே சிக்னல் இருக்காது." அவ்வளவுதான். என் ஆங்காரம் எல்லாம் அந்த ஒரு வரியில் கரைந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து நானும் அவரோடு போய்க்கொண்டிருந்தேன். சுவரில் மாட்டிய வரைபடத்தில் இன்றைக்கு இங்கே இருப்பார், இன்றைக்கு இந்தப் பாலத்தைத் தாண்டியிருப்பார் என்று மகளும் நானும் விரல் வைத்துப் பார்ப்போம். மீட்டர் பார்க்கப் போகும் வீடுகளில், முன்பின் தெரியாத பெண்களிடம்கூட, "எங்க வீட்டுக்காரர் வண்டியிலயே ஏரிக்குப் போயிருக்காரு," என்று சொன்னேன். ஒரு வீட்டம்மா, "உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள். "என்னங்க பயம், நல்ல வண்டி," என்றேன்.

எட்டாம் நாள் மாலை வந்து இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது. மூக்கும் நெற்றியும் வெயிலில் கறுத்திருந்தன. மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மழையில் வழி மாறி மற்றவர்கள் பின்தங்கிவிட்டதாகவும், தான் மட்டும் முன்னால் வந்துவிட்டதாகவும் சொன்னார். சக்கரங்களில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. மூட்டையை அவிழ்க்க நான் வண்டிக்குப் பக்கத்தில் போனேன். ஆறாயிரத்து நானூற்று எண்பத்திரண்டு.

பழைய அளவு, புதிய அளவு, வித்தியாசம். நான் கணக்குப் போடவில்லை. அது தானாகவே மனதில் விழுந்தது. நூற்று அறுபத்து நான்கு. ஏரிக்குப் போய்வர இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் என்று இந்த வீட்டில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மீட்டர் நின்றுவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். என் தொழிலில் முதலில் வரும் சந்தேகம் அதுதான். வயர் அறுந்திருக்கும், சேறு அடைத்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மூட்டையை உள்ளே தூக்கிவந்தேன்.

அன்று சாப்பிடும்போது அவர் ஏரியைப் பற்றிச் சொன்னார். மகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசி நாற்பது கிலோமீட்டர் பாதையே கிடையாதாம், முன்னால் போன சக்கரத்தின் தடத்தைப் பிடித்துத்தான் போக வேண்டுமாம். மூச்சு வாங்குமாம். ஒரு மேட்டில் ஏறினால், எதிர்பாராத நேரத்தில், கீழே வானம் விழுந்து கிடப்பதுபோல ஏரி தெரியுமாம். எஞ்சினை அணைத்ததும் காது அடைத்துப்போகும் அளவுக்கு அமைதியாம். "அந்த அமைதில நம்ம எஞ்சின் சூடு ஆறும்போது டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வரும் பாரு, அது மட்டும்தான் கேக்கும்," என்றார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. ஆறு வருடம் வண்டியைப் பற்றிப் பேசியபோது இருந்த அதே முகம். கவளம் பாதி வழியில் நின்றிருந்தது. அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்கத்தானே நான் அவரை அனுப்பியது என்று நினைத்தேன். தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பிறகு பையிலிருந்து அரை பாட்டில் தண்ணீரை எடுத்து மகளிடம் நீட்டினார். அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். "அம்மா! நிஜமாவே உப்பு!" என்று கத்தினாள். என்னிடமும் நீட்டினாள். நானும் தொட்டு வைத்துப் பார்த்தேன். உப்புதான்.

மறுநாள் அவர் வேலைக்குப் போய்த் திரும்பியதும் போய்ப் பார்த்தேன். சரியாக ஆறு கிலோமீட்டர் கூடியிருந்தது. மீட்டர் மேல் குறை இல்லை.

இரண்டு நாள் நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்ற பெருந்தன்மை ஒன்றும் இல்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்திருந்தது, அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு லாட்ஜில், எட்டு நாள். மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்து முகத்தைக் கறுக்க வைத்திருப்பார். கடைக்குப் போய் ஒரு பொட்டலம் உப்பு வாங்கியிருப்பார். எவ்வளவு போட வேண்டும் என்று கலக்கிக் கலக்கி நாக்கில் வைத்துப் பார்த்திருப்பார். அந்தக் காட்சிதான் என்னை விடாமல் துரத்தியது. துவைக்கும்போது, மீட்டர் மூடியைத் திறக்கும்போது, எப்போது பார்த்தாலும் அவர் ஏதோ ஓர் அறையில் தனியாக நின்று தண்ணீரை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். வெறுக்கலாம் என்று பார்த்தேன். முழுதாக வெறுக்கவும் வரவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் முற்றத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவே கதவு திறந்திருந்தது. போன் அடித்தது. பொட்டலம். கை முழுக்க நுரை. விரல் முட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"தங்கச்சி, நேத்துதான் வந்து இறங்கினோம். மழையில ரெண்டு நாள் மாட்டிக்கிட்டோம். பாப்பா கால் எப்படி இருக்கு? கட்டுப் பிரிச்சாச்சா?"

நான் நுரைக் கையைப் புடவையில் துடைத்தேன். அவரே தொடர்ந்தார். "அன்னைக்கு மொத டீக்கடையில நிறுத்தினோம் பாரு, அங்கதான் அவனுக்கு உன் போன் வந்துச்சு. கேட்டுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டான். பாப்பா மாடிப்படியில விழுந்துட்டா, உடனே வாங்கன்னு நீ ஒரே அழுகையாமே. பாவம், ஒரு வாய் டீ குடிக்கல, வண்டியத் திருப்பிட்டான்."

முற்றத்தில் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது. குழாயில் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. கதவு வழியே அவருடைய முதுகு தெரிந்தது. குந்தி உட்கார்ந்திருந்தார். ஈரத்துணி கையிலேயே இருந்தது. திரும்பவில்லை. அந்த முதுகின் பின்னால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் நான் உட்கார்ந்து போயிருக்கிறேன். அது இவ்வளவு சின்னதாக இருந்து பார்த்ததில்லை.

"பிரிச்சாச்சுண்ணே," என்றேன். "இப்ப நடக்குறா."

"அப்பாடா. சரி, நடந்தது நடந்துபோச்சு. அடுத்த வருஷமாவது மனசு வெச்சு அவன அனுப்பு தங்கச்சி. அவ்ளோ நல்ல வண்டிய வாங்கி வெச்சுக்கிட்டு…"

"இல்லண்ணே," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல, கெட்டியாகக் கேட்டது. "அடுத்த வருஷமும் நான் விடறதா இல்ல. எனக்குப் பயமா இருக்கு. இனிமே யாரும் அவரக் கூப்பிடாதீங்க."

"உன் இஷ்டம்மா," என்றார் பொட்டலம். தொழிற்சாலையில் என் பெயரை எந்தத் தொனியில் சொல்லிச் சிரிப்பார்களோ, அந்தத் தொனி அதில் இருந்தது. வைத்துவிட்டார்.

முற்றத்தில் துணி மறுபடி தேய்க்கத் தொடங்கியது, மெதுவாக, ஒரே இடத்தில். நான் வாளிக்குக் குனிந்தபோதுதான் மகளைப் பார்த்தேன். அறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முற்றத்தை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். தலை குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். வலது காலை லேசாகத் தூக்கி, விரல்களை அசைத்துப் பார்த்துவிட்டு, கீழே வைத்தாள். பிறகு, எந்தக் கால் என்று நிச்சயமாகத் தெரியாதவளைப் போல, இடது காலைத் தூக்கினாள்.